வாசகர் கேள்வி: பயிற்சி விமானமும் தோள் பெல்ட்டும்

பயிற்சி விமான விபத்துகளைப் பற்றிப் போன இதழில் ஒரு பத்திதான் எழுதினேன், அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சிலருக்கு நீளமான பதில், சிலருக்கு இரண்டு வரி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு ஃபிளையிங் ஸ்கூலில் இடம் கிடைத்திருக்கிறது, வீட்டை அடமானம் வைத்துத்தான் பணம் கட்டப்போகிறேன். பயிற்சி விமானம் விழுந்ததாக டிவியில் செய்தி வரும்போதெல்லாம் அவன் அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறாள். உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா? — ஒரு தந்தை, நாமக்கல்

ஆபத்தே இல்லை என்று எழுதினால் அது பொய் ஐயா. ஆனால் செய்தியில் 'விபத்து' என்று வருவதில் பெரும்பாலானவை ஓடுபாதையிலேயே முடிந்துவிடுகிறவை. மாணவன் கொஞ்சம் வேகமாக வந்து இறங்குவான், விமானம் தரையில் பட்டு எழும்பிக் குதிக்கும், இரண்டாவது குதிப்பில் மூக்குச் சக்கரம் மடங்கும், புரொப்பெல்லர் தரையில் உரசி வளையும், விமானம் புல்லுக்குள் போய் நிற்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பெரிய செலவு, பையனுக்குச் சில நாள் தூக்கம் போகிற அவமானம், பெரும்பாலும் அதோடு சரி. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் கீரனூர்ப் பக்கம் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது, உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2023 அக்டோபரில் மகாராஷ்டிராவின் பாராமதியில் சில நாள் இடைவெளியில் இரண்டு பயிற்சி விமானங்கள் விழுந்தன, காயம்பட்டார்கள், யாரும் சாகவில்லை.

உயிர் போகிற விபத்துகளின் ரகமே வேறு. 2023 மார்ச்சில் கோண்டியா பக்கத்து பிர்சியிலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் மலைக்காட்டில் மோதியது, இருவரும் போய்விட்டார்கள். 2024 ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூரிலிருந்து போன செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் சாண்டில் அணை நீர்த்தேக்கத்தில் விழுந்தது, அதிலும் பயிற்றுநரும் மாணவரும் இறந்தார்கள். மலை, தண்ணீர், நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதல், தாழ்வான உயரத்தில் வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழப்பது (இதைத்தான் 'ஸ்டால்' என்பார்கள்) — உயிர் பறிக்கிறவை பெரும்பாலும் இந்த நாலைந்துக்குள்தான் அடங்கும்.

உங்கள் மனைவியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். செஸ்னா 152 மாதிரியான விமானம் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்புப் பலகை) இறக்கிக்கொண்டு வந்தால் மணிக்கு ஏறக்குறைய 80 கி.மீ. வேகத்தில் தரையைத் தொட முடியும், நாமக்கல் பைபாஸில் போகிற பஸ்ஸின் வேகம்தான் அது. அதனால் அடிபடுவதும் பிழைப்பதும் இரண்டு விஷயத்தில் நிற்கிறது: விமானம் கட்டுப்பாட்டோடு தரைக்கு வந்ததா, உள்ளே இருப்பவரை இருக்கை பிடித்து வைத்திருந்ததா. இந்த வாரப் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: இருப்பது ஒரே இன்ஜின். அதுவும் நடுவானில் நின்றுவிட்டால் கல்லைப் போல விழ வேண்டியதுதானே? — கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

இல்லை. இன்ஜின் நின்றாலும் இறக்கை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். செஸ்னா 152-ஐ 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கி.மீ.) வேகத்தில் பிடித்து வைத்தால் ஓர் அடி இறங்குவதற்குள் ஒன்பது அடி முன்னால் போகும். 1000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் கையில் இருக்கிறது என்று அர்த்தம். நம்மூரில் அந்தத் தூரத்துக்குள் ஒரு தரிசோ அறுத்த வயலோ கிடைக்காமல் போவது அபூர்வம்.

அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ-வின் விமானப் பயிற்சிக் கையேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மணிக்கு 50 மைல், அதாவது 80 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடுகிற விமானம் 9 ஜி விசையில் சீராக நின்றால் அதற்குத் தேவைப்படும் தூரம் 9.4 அடி மட்டுமே, மூன்று மீட்டர்கூட இல்லை. 9 ஜி என்றால் உங்கள் எடையைப் போல ஒன்பது மடங்கு உங்களை முன்னால் தள்ளும். பெல்ட் சரியாக இருந்தால் உடம்பு அதைத் தாங்கும். அதே விமானம் 100 மைல் வேகத்தில் வந்தால் 37.6 அடி வேண்டும், வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. ஆகவே காற்றை எதிர்த்து இறங்கு, ஃபிளாப்பை முழுக்க இறக்கு, ஆனால் ஸ்டால் ஆகும் அளவுக்கு வேகத்தை விடாதே என்று பயிற்றுநர் தொண்டை வறளக் கத்துவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். இறக்கை பிய்ந்து போகட்டும், சக்கரம் முறியட்டும், வேலியில் போய்ச் சொருகட்டும், அது ஒவ்வொன்றும் வேகத்தைத் தின்கிறது. விமானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

இதில் பழைய கொலைகாரன் ஒருவன் உண்டு. ஓடுபாதையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்தில், 400 அடியில் என்று வையுங்கள், இன்ஜின் நின்றுவிடுகிறது. பின்னால் அழகான ஓடுபாதை, முன்னால் தென்னந்தோப்பு. மனசு திரும்பு திரும்பு என்கிறது. திரும்ப வேண்டுமென்றால் விமானத்தைச் சாய்க்க வேண்டும், சாய்த்தால் ஸ்டால் ஆகும் வேகம் ஏறும்: 45 டிகிரி சாய்வில் 19 சதவீதம், 60 டிகிரியில் 41 சதவீதம். இன்ஜினும் இல்லை, உயரமும் இல்லை, பயத்தில் யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங்) வேறு இழுக்கிறான். ஒரு இறக்கை முதலில் விழும், மூக்கு தரையைப் பார்க்கும், அந்த உயரத்தில் அதிலிருந்து மீள இடமே இல்லை. தென்னந்தோப்புக்குள் நேராக, இறக்கையைச் சமமாக வைத்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் போனவர்கள் பலர் பிழைத்திருக்கிறார்கள். அந்தத் தாழ்வில் திரும்ப முயன்றவர்களில் அவ்வளவு பேர் இல்லை.

கடைசி நேர வேலை ஒன்றும் உண்டு. வயலில் இறங்குவதற்கு முன்பே கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிட வேண்டும், செஸ்னா கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. தரையில் மோதி உடற்பகுதி கொஞ்சம் நசுங்கினாலும் கதவு இறுகிக்கொள்ளும், அப்புறம் திறக்கவே திறக்காது. பெட்ரோலை அடைப்பது, மாஸ்டர் சுவிட்சை அணைப்பது எல்லாம் அதே மூச்சில் நடக்க வேண்டியவை, ஏனென்றால் மோதலில் பிழைத்து நெருப்பில் போனவர்களும் உண்டு.

கேள்வி: நான் பழகுகிற பழைய விமானத்தில் இடுப்புப் பெல்ட் தவிர ஒரு தோள்பட்டை வாரும் இருக்கிறது. வெயில் காலத்தில் கசகசக்கிறது என்று பலர் அதை மாட்டுவதில்லை. இடுப்புப் பெல்ட் மட்டும் போதாதா? — பயிற்சி விமானி, பெங்களூரு

தம்பி, போதாது. மாட்டாதவரோடு பறக்கவும் பறக்காதே.

இந்தத் தோள் வாரின் கதையே ஒரு பயிற்சி விபத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஹியூ டிஹேவன் என்று ஓர் அமெரிக்க இளைஞர், முதல் உலகப்போரின்போது கனடாவில், அன்றைய பிரிட்டிஷ் ராணுவ விமானப் பிரிவான ராயல் ஃபிளையிங் கோரில் பயிற்சி விமானியாகச் சேர்ந்தார். 1917-இல் டெக்சாஸில் பயிற்சியில் இருந்தபோது நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி விழுந்தார். அவர் பிழைத்தார், ஆனால் உள்ளுறுப்புகள் கிழிந்திருந்தன. மருத்துவமனையில் படுத்துக்கொண்டு யோசித்ததில் அவருக்கு ஒன்று தட்டுப்பட்டது, வயிற்றைக் கிழித்தது விபத்து இல்லை, இடுப்புப் பெல்ட்டின் கூரான பக்கிள். அப்படியானால் சாவு முழுக்க விதியில்லை, உள்ளே இருக்கும் பொருள்களின் வடிவமும்தான் காரணம். அன்றைக்கு இதைச் சொன்னபோது கேட்க ஆள் இல்லை. அவர் விடவில்லை. 1942-இல் 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர்களை ஆராய்ந்து கட்டுரை எழுதினார், கார்னெல் பல்கலைக்கழகத்தில் விபத்துக் காய ஆய்வைத் தொடங்கினார், 1950களில் ரோஜர் கிரிஸ்வோல்டோடு சேர்ந்து இடுப்பையும் தோளையும் பிடிக்கும் பெல்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1959-இல் வோல்வோ காருக்கு மூன்று முனைப் பெல்ட்டைக் கொண்டுவந்த நில்ஸ் போலினும் அதற்கு முன்னால் சாப் கம்பெனியில் விமானத்துக்கான எஜெக்ஷன் இருக்கை செய்துகொண்டிருந்தவர்தான். உங்கள் காரில் இருப்பது ஆகாயத்திலிருந்து வந்த சரக்கு.

வேடிக்கை என்னவென்றால் கார் அதை மளமளவென்று எடுத்துக்கொண்டது, சின்ன விமானம் இழுத்தடித்தது. அமெரிக்காவில் 1978 ஜூலை 18-க்குப் பிறகு தயாரான சிறு விமானங்களில்தான் முன் இருக்கைகளுக்குத் தோள் வார் கட்டாயம், எல்லா இருக்கைக்கும் என்றால் 1986 டிசம்பர் 12-க்குப் பிறகு தயாரானவற்றில்தான். உலகமெங்கும் பயிற்சிக்கு ஓடுகிற செஸ்னாக்களில் எத்தனையோ அந்தக் காலத்துச் சரக்கு. செஸ்னா 152-இன் உற்பத்தியே 1985-இல் நின்றுவிட்டது, இன்னும் பறக்கிறது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 37,000-க்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகளைப் பார்த்ததில், இடுப்புப் பெல்ட் மட்டும் போட்டவர் சாவதற்கோ பலத்த காயம் படுவதற்கோ உள்ள வாய்ப்பு, தோள் வாரும் சேர்த்துப் போட்டவரைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம். காரணம் எளிது. இடுப்பு மட்டும் பிடிபட்டால் மேலுடம்பு கதவு மாதிரி மடங்கி, முகம் நேராக டாஷ்போர்டில் போய் விழும். மண்டையில் அடி, நினைவு போகும், விமானம் தீப்பிடித்தால் எழுந்து ஓட ஆளில்லை.

சும்மா மாட்டினால் மட்டும் போதாது. முதலில் இடுப்புப் பெல்ட், அதுவும் வயிற்றில் இல்லை, இடுப்பெலும்புக்குமேல் தாழ்வாக, நன்றாக இறுக்கி. அப்புறம் தோள் வார். தோள் வார் இடுப்புப் பெல்ட்டை மேலே வயிற்றுக்கு இழுத்துவிடாமல் பார்த்துக்கொள், இழுத்தால் டிஹேவனுக்கு நடந்ததுதான் உனக்கும். வாரின் துணி வெயிலில் வெளுத்து நூல் பிரிந்திருந்தால் பறப்பதற்கு முன் எழுதிக்கொடு. பெங்களூரு வெயிலுக்கே கசகசக்கிறது என்கிறவர்கள் மே மாதம் சேலத்துக்கு வந்து பார்க்கட்டும்.

கேள்வி: விமானம் ஓடும்போது இருக்கை பின்னால் நழுவிவிடும் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். இது என்ன கதை? — வாசகர், ஈரோடு

கதை இல்லை, உண்மை. செஸ்னாவின் முன் இருக்கைகள் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும், தண்டவாளத்துத் துளையில் 'பின்' எனப்படும் ஊசி ஒன்று விழுந்து பூட்டிக்கொள்ளும். வருஷக்கணக்கில் உபயோகித்து அந்தத் துளை தேய்ந்து அகன்றுவிடும், அந்த ஊசியும் தேயும். மேலெழும்பும்போது விமானம் மூக்கைத் தூக்குகிறது, அந்த நேரத்தில் பூட்டு விட்டுப்போனால் இருக்கை சர்ரென்று பின்னால் போகும். விமானி கையில் பிடித்திருப்பது யோக், அவர் பின்னால் போக யோக்கும் கூடவே இழுபடும், மூக்கு இன்னும் மேலே போகும், ஸ்டால். மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டர் பெடலுக்குக் கால் எட்டாது. எஃப்ஏஏ 1987-இலேயே இந்தத் தண்டவாளங்களையும் பின்களையும் குறித்த இடைவெளியில் அளந்து சோதிக்க வேண்டும் என்று ஆணை போட்டது. 1989-இல் ஃபுளோரிடாவில் நடந்த ஒரு செஸ்னா 185 விபத்து வழக்கில் இருக்கை நழுவியதுதான் காரணம் என்று 2001-இல் ஜூரி 48 கோடி டாலர் தீர்ப்பு சொன்னது, அந்தத் தொகையைப் படித்துவிட்டு விமான உலகமே வாயைப் பிளந்தது.

ஏறி உட்கார்ந்து இருக்கையைச் சரிசெய்த பிறகு, இரண்டு காலையும் ஊன்றி இடுப்பால் பின்னுக்குத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். 'க்ளிக்' சத்தம் கேட்டதை நம்ப வேண்டாம். அப்படியும் நழுவினால் யோக்கை விட்டுவிட வேண்டும், த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) குறைக்க வேண்டும். யோக்கைப் பிடித்துத் தொங்கத்தான் கை போகும், அதனால் இதைத் தரையிலேயே மனசுக்குள் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

கேள்வி: காருக்குச் செய்வதுபோல விமானத்துக்கும் மோதல் சோதனை உண்டா? — எட்டாம் வகுப்பு மாணவர், மதுரை

உண்டு, அதுவும் பிரமாதமான இடத்தில். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் 240 அடி உயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டகம் நிற்கிறது. நிலாவில் இறங்குவதற்கு ஆம்ஸ்ட்ராங் உள்ளிட்ட அப்பல்லோ வீரர்கள் பழகுவதற்காகக் கட்டியது. நிலாப் பயணம் முடிந்ததும் அது சும்மா நின்றது. அதே சமயம் 1972 ஜூனில் ஆக்னஸ் சூறாவளியின் வெள்ளம் பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் இருந்த பைப்பர் விமானத் தொழிற்சாலைக்குள் புகுந்துவிட்டது. நனைந்த புது விமானங்களை யாருக்கும் விற்க முடியாது. நாசா அவற்றை வாங்கிக்கொண்டுபோய், 1974 முதல் அந்தச் சட்டகத்தில் ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு, உள்ளே பொம்மை மனிதர்களை உட்காரவைத்து, கயிற்றை அறுத்துத் தரையில் மோதவிட்டது. வெள்ளத்தில் நாசமான விமானங்களால் எத்தனை உயிர் பிழைத்ததோ!

அந்த மாதிரி சோதனைகளின் பலனாக 1988-இல் அமெரிக்க விதி மாறியது. புதிதாக வடிவமைக்கப்படும் சிறு விமானத்தின் முன் இருக்கை, முன்னோக்கிய 26 ஜி மோதலையும் கீழ்நோக்கிய 19 ஜி மோதலையும் பொம்மையை வைத்துச் சோதனை செய்து தாங்கிக்காட்ட வேண்டும். இதில் ஒரு ஓட்டையும் இருந்தது, பாருங்கள். 'புதிதாக வடிவமைக்கப்படும்' என்றுதான் விதி, 1950களில் அனுமதி வாங்கிய வடிவத்தை அப்படியே தயாரித்தால் பழைய விதியே போதும். ஆனாலும் 1996-இல் மறுபடி தயாரிப்புக்கு வந்த செஸ்னா 172-இல் 26 ஜி இருக்கைகளைப் போட்டார்கள். ஆஸ்திரியாவின் டைமண்ட் டிஏ40-இலும் 26 ஜி இருக்கைதான், கூடவே பெட்ரோல் டாங்கை இறக்கைக்குள் இரண்டு கார்பன் உத்திரங்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருக்கிறார்கள், மோதலில் டாங்க் கிழிந்து நெருப்புப் பிடிப்பதைத் தடுக்க. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் அரசு விமானப் பயிற்சி அகாடமியில் மாணவர்கள் பழகுவது இந்த டிஏ40-இல்தான்.

2015-இல் அதே சட்டகத்திலிருந்து மூன்று செஸ்னா 172-களைப் போட்டார்கள், விபத்து நடந்ததும் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும் ஈஎல்டி கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க. மண்தரையில் போட்டபோது மூக்கு புதைந்து விமானம் தலைகீழாகப் புரண்டது. அந்த வீடியோவைப் பார்த்தபிறகு யாரும் தோள் வாரைக் கழற்றமாட்டார்கள்.

கேள்வி: விமானத்துக்கே பாராசூட் இருக்கிறதாமே, அதை எல்லாப் பயிற்சி விமானத்திலும் வைத்தால் பிரச்சினை தீர்ந்ததே? — ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

நல்ல ஐடியாதான், நானும் அதற்கு ஆதரவு, ஆனால் பிரச்சினை பாதிதான் தீரும். சிரஸ் என்ற விமானக் கம்பெனியை நிறுவிய சகோதரர்களில் ஒருவரான ஆலன் கிளாப்மையர் 1985-இல் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதினார். இறக்கையில் ஒரு துண்டு போனபின்னும் அவர் எப்படியோ இறங்கிவிட்டார், மற்ற விமானி இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர்கள் செய்த விமானங்களில் எல்லாம் பாராசூட்டை உள்ளேயே வைத்துவிட்டார்கள். கூரையில் ஒரு சிவப்புக் கைப்பிடி, இழுத்தால் சின்ன ராக்கெட் பாராசூட்டை வெளியே இழுத்துப்போகும், விமானம் மொத்தமாகத் தொங்கிக்கொண்டு இறங்கும். 2002-இல் டெக்சாஸில் முதல் உயிரைக் காப்பாற்றியது, இன்றைக்கு அந்தக் கணக்கு 200-ஐத் தாண்டிவிட்டது.

சிக்கல் உயரத்தில். நேராகப் பறக்கும்போதே மாடலைப் பொறுத்து 400 முதல் 600 அடி வரை வேண்டும், சுழன்றுகொண்டிருந்தால் 900 அடிக்கும் மேல். மேலே சொன்ன தென்னந்தோப்புக் கதையில் இருப்பது அந்த எல்லைக்கும் கீழே, பாதித் திருப்பத்தில். இன்னொன்று, இறங்குவது பூப்போல இல்லை, நிமிடத்துக்கு 1700 அடி வேகத்தில் தரையில் மோதும், அதைத் தாங்குவது மறுபடியும் இருக்கையும் பெல்ட்டும்தான். பழைய செஸ்னாவுக்கும் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தலாம், ஆனால் எடை கூடும். 152-இல் இரண்டு வளர்ந்த ஆள் ஏறினாலே டாங்கை நிரப்ப யோசிக்க வேண்டும்.

கேள்வி: சுழன்று விழுவதுதான் அவ்வளவு ஆபத்து என்றால் அதை ஏன் எல்லா மாணவருக்கும் கற்றுத்தருவதில்லை? — வாசகி, கோயம்புத்தூர்

ஒருகாலத்தில் கட்டாயமாகக் கற்றுத்தந்தார்கள். அமெரிக்காவில் 1949-இல் தனியார் விமானி உரிமத்துக்கு ஸ்பின் (சுழன்று விழுவது) பயிற்சி தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள், பயிற்றுநர் ஆகப்போகிறவருக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். கற்றுக்கொள்ளும்போதே பலர் விழுந்ததும், ஸ்பின்னுக்கு முன்னால் வருகிற ஸ்டாலைத் தவிர்க்கக் கற்றுத்தருவதே மேல் என்று நினைத்ததும் காரணம். எனக்கு இந்த முடிவு சரியென்றே படுகிறது. செஸ்னா 152-இல் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி மீள்வதற்கே சுமார் 1000 அடி போய்விடும் என்று அதன் கையேடு சொல்கிறது. இறங்குவதற்கான கடைசித் திருப்பத்தில் இருக்கும் உயரமே அதில் பாதிதான். அங்கே மீளத் தெரிந்தும் பிரயோஜனமில்லை.

எதிர்த்திசையில் போய்ப் பார்த்த கதையும் உண்டு. பைப்பர் கம்பெனி பயிற்றுநர்களிடமே கருத்துக் கேட்டு 1978-இல் டோமஹாக் என்ற விமானத்தைக் கொண்டுவந்தது. ஸ்டாலும் ஸ்பின்னும் 'நிஜமாக' இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. ஸ்டால்–ஸ்பின் சாவுகளில் அது செஸ்னாவை முந்திவிட்டது. இதற்கு நேர் எதிராக, ஃபிரெட் வைக் 1940-லேயே ஸ்பின்னே ஆகாத எர்கூப்பைச் செய்து காட்டியிருந்தார், அதில் ரட்டர் பெடலே கிடையாது. அதை விமானிகள் பொம்மை என்று சிரித்தார்கள். ஆம்பளைத்தனத்துக்கும் பாதுகாப்புக்கும் விமான உலகத்தில் எப்போதும் கொஞ்சம் சண்டைதான்.

கேள்வி: கனடாவில் இரண்டு மாணவர் விமானங்கள் மோதிக்கொண்டன. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாதா? — வாசகர், திருச்சி

2025 ஜூலை 8, மனிடோபாவின் ஸ்டெய்ன்பாக் அருகே. ஒன்று செஸ்னா 152, ஒன்று 172, இரண்டும் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தன, இறங்க வரும்போது மோதின. இறந்த இருவரில் ஒருவர் கேரளத்துப் பையன். எதிரே வருவது தெரியும் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் மோதும் பாதையில் வருகிற விமானம் கண்ணாடியில் நகரவே நகராது, ஒரே இடத்தில் புள்ளியாக இருந்து கடைசி சில நொடிகளில் திடீரென்று பெரிதாகும். நகராததைக் கண் கவனிக்காது. செஸ்னாவில் இறக்கை தலைக்குமேல் இருப்பதால் திரும்பும்போது திரும்புகிற பக்கமே மறைந்துவிடும், அதனால்தான் திரும்புமுன் அந்தப் பக்க இறக்கையைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். மற்ற விமானங்களைத் திரையில் காட்டும் ஏடிஎஸ்-பி கருவிகள் இப்போது மலிவாகிவிட்டன, பள்ளிகள் அதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

கேள்வி: பின் இருக்கையில் உட்கார்ந்து நண்பன் பழகுவதைப் பார்க்க ஆசை. போகலாமா? — வாசகர், சென்னை

பள்ளி அனுமதித்தால் போங்கள். பின் இருக்கையிலும் தோள் வார் இருந்தால் மட்டும். கையில் லேப்டாப் பை, தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம், 9 ஜி-யில் ஒரு கிலோ பாட்டில் ஒன்பது கிலோவாக முன்னால் இருப்பவரின் பின்மண்டையில் இறங்கும்.

கேள்வி: சரி, எந்த ஃபிளையிங் ஸ்கூலில் சேர்க்கலாம்? பெயரைச் சொல்லுங்கள். — பல வாசகர்கள்

பெயர் சொல்லமாட்டேன். மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்துகிறது, முதல் பட்டியலில் மேல் தரங்களில் ஒரு பள்ளிகூட வரவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விமான விபத்துகளை விசாரிக்கும் அரசு அமைப்பான ஏஏஐபி-யின் விசாரணை அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நீங்கள் பார்க்கிற பள்ளியின் பெயர் அதில் வந்திருந்தால் காரணத்தைப் படியுங்கள். விபத்து நடந்ததையே தகுதிக்குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அதற்குப் பிறகு என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள், பதில் சொல்லத் திணறுகிறார்களா என்று பாருங்கள்.

நேரில் போங்கள், காலையில் போங்கள். பையனை விமானத்தில் ஏற்றி உட்காரவைத்துத் தோள் வாரை மாட்டச் சொல்லுங்கள், இருக்கையை ஆட்டச் சொல்லுங்கள். பயிற்றுநர் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறார் என்று விசாரியுங்கள், களைத்துப்போனவர் பக்கத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்று. மதியம் 42 டிகிரி வெயிலில் முழு எடையோடு மாணவர்களை அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள், சூட்டில் காற்று மெலிந்து இன்ஜினும் இறக்கையும் சோர்ந்துவிடும், விமானம் ஏறவே மாட்டேன் என்று அழும். உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரப் பறப்பைச் சீக்கிரம் முடித்துத் தருகிறோம் என்பதையே விளம்பரமாகப் போடுகிற இடத்தில் நான் என் பிள்ளையைச் சேர்க்கமாட்டேன். பராமரிப்புப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், காட்டினால் உட்கார்ந்து பேசுங்கள், ஹேங்கருக்குள்ளேயே விடமாட்டோம் என்றால் அட்வான்ஸ் கட்டாமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.